பெரிய ற

எனக்கு அக்ஷரா என்று பெயர் வைத்தது அம்மா. அப்பா தமிழாசிரியர். நல்ல தமிழில் ஒரு பெயர் வேண்டுமென்று அவர் ஒரு மாதம் சண்டை போட்டுத் தோற்றார். பிறகு, "போகட்டும், எழுத்து என்றுதானே பொருள்" என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாராம். எழுத்து என்று பெயரை வைத்துக்கொண்டு நான் ஒரே ஓர் எழுத்தில் கோட்டை விட்ட கதை இது. அந்த எழுத்தால்தான் இன்றைக்கு எங்கள் மலையில் மைப்பழச் செடி இருக்கிறது என்பதால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மைப்பழத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோத்தகிரிக்கு மேலே, சோலைக்காட்டின் நிழலில் இடுப்புயரம் வளரும் புதர். ஆவணியில் பழுக்கும். ஒரு பழம் தின்றால் நாக்கு, உதடு, பல் எல்லாம் இரண்டு நாளைக்கு மை பூசியது போல இருக்கும். 2058-இல் எங்கள் விதை மையத்துக்கு நான் பொறுப்பாளராக வந்தபோது உலகத்தில் மொத்தம் ஆறு புதர்கள்தான் மிச்சம். ஆறும் ஒரே பள்ளத்தில் இருந்தன.

நான் கையை வீசிக்கொண்டு வரவில்லை. எழுப்பியோடு வந்தேன்.

எழுப்பி என்பது நானும் என்னோடு படித்த ஆத்விக்கும் ஒன்பது வருடம் மாரடித்துக் கண்டுபிடித்த மருந்து. அது என்ன செய்யும் என்று மையத்தின் மெஸ்ஸில் சமைக்கும் தன்ஷிகா முதல் நாளே கேட்டுவிட்டாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், மேட்டுப்பாளையத்துக்காரி. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஷிகா, மீதிப் பேருக்கு ஷினி. நான் அவளைத் தன்ஷிக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். மையத்தில் நாங்கள் இரண்டே பேர் என்பதால் விதை கழுவுகிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

"காட்டு விதை போட்ட உடனே முளைக்காதுக்கா. உள்ளே ஒரு பூட்டு இருக்கும். குளிர் பட்டு, மழை பட்டு, குருவி வயித்துக்குள்ள போய் வந்து, ஒண்ணொண்ணா திறக்கும். ஒரு விதை இந்த வருஷம், இன்னொண்ணு மூணு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் பூஞ்சை தின்னுடும், எலி தின்னுடும். எங்க மருந்துல நனைச்சா எல்லாப் பூட்டும் ஒரே நாள்ல திறந்துடும்."

"நல்லாத் தூங்கற புள்ளைய உலுக்கி எழுப்புனா அழுவாதுங்களா மேடம்?" என்றாள்.

"விதை அழாது. முளைக்கும்."

"எங்க வீட்டுல எம்புள்ள காலைல எந்திரிக்கறதுக்கு ஒரு சொட்டுக் குடுங்களே" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஆவணி வந்தது. ஆறு புதரிலும் ஒரு பழம் விடாமல் பறித்தேன். இதைப் பெருமையாக அறிக்கையிலும் எழுதினேன். கொண்டைக்குருவி இரண்டு எங்கள் தலைக்கு மேலே கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டே இருந்தன. தன்ஷிக்கா, "ரெண்டு கொத்து அதுங்களுக்கு உட்டா என்னங்க? பாவம், திட்டுது" என்றாள். உலகத்தில் ஆறே புதர் இருக்கும்போது குருவிக்கு விருந்து வைக்க முடியாது என்று நான் சொன்னேன். அப்போது அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

பழத்தை மசித்துத் தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மேலே மிதக்கும். பொக்கு என்றால் தெரியுமே, நெல்லில் உள்ளே அரிசி இல்லாத பதர். மிதப்பதை அள்ளி அப்புறப்படுத்துவது எல்லா நாற்றங்காலிலும் உள்ள வழக்கம். அதில் பூஞ்சை வரும் என்பதால் எரித்துவிட வேண்டும். நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே, "தன்ஷிக்கா, பொக்கையெல்லாம் உடனே எரிங்க" என்று குரல் கொடுத்தேன். அவளும் "சரிங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து நாளில் ஆறு வாளிப் பொக்கு.

இதையெல்லாம் பதிவேட்டில் கையால் எழுத வேண்டும். இயந்திரங்கள் எதை வேண்டுமானாலும் எழுதும் என்றாகிவிட்ட பிறகு, கையால் எழுதியது மட்டுமே சாட்சி என்று சட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேலையைச் செய்தவரே எழுத வேண்டும், பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டும். வார முடிவில் பதிவேட்டைத் திறந்தேன். உருண்டை உருண்டையான எழுத்தில் ஐந்து நாளுக்கும் ஐந்து வரி: "பொக்கு எறித்தது."

என் அப்பா இருந்திருந்தால் நெஞ்சைப் பிடித்திருப்பார். சின்ன வயதில் ர, ற தவறுக்கு அவரிடம் வாங்கிய குட்டுகளை எண்ணினால் என் தலை இத்தனை நாள் இருப்பதே ஆச்சரியம். சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஐந்து வரியிலும் ற-வை அடித்து ர என்று திருத்தினேன். "பொக்கு எரித்தது." ஓரத்தில் "சின்ன ர!" என்று ஆச்சரியக்குறி போட்டுக் கையொப்பமும் இட்டேன். தன்ஷிக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுண்டிவிட்டது. நான் அதை எழுத்துப்பிழைக்கான வெட்கம் என்று எடுத்துக்கொண்டு, "பரவாயில்லைக்கா, எல்லாரும் விடுற தப்புதான்" என்று பெரிய மனது பண்ணினேன்.

மறுவாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வேறெங்கோ ஒரு நாற்றங்காலில் பூஞ்சை பரவியதால், கழிவை எரிக்காத ஊழியர் உடனே பணிநீக்கம். அதையும் நான்தான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

எழுப்பியில் நனைத்த ஒன்பதாம் நாள் முப்பத்தோராயிரம் விதைகள் ஒன்றாக முளைத்தன. ஒரே உயரம், ஒரே பச்சை. தட்டுத் தட்டாக அவை நின்ற அழகைப் பார்த்து நான் அழுதேன். ஆத்விக் சென்னையிலிருந்து கேக் அனுப்பினான். அந்தச் சூட்டோடு சூடாக ஒரு விதியையும் எழுதி அரசாங்கத்தை ஏற்க வைத்தோம்: பதிவேட்டில் ஏறிய உயிருள்ள விதை எதுவானாலும் தொண்ணூறு நாளுக்குள் எழுப்பியாக வேண்டும். எந்த விதையும் இனித் தூங்கி வீணாகக் கூடாது. அந்த வாசகம் என்னுடையது.

அடுத்த வருடம் நான்கு ஊர்ப் பெண்கள் நாற்றுகளைக் கூடையில் சுமந்துபோய் மலை முழுக்க நட்டார்கள். அதற்கடுத்த வருடம் இரண்டு மழையும் பொய்த்தன. முப்பத்தோராயிரம் செடிக்கும் ஒரே வயது, வேர் ஒரே சாண் ஆழம். அந்த ஒரு சாண் காய்ந்ததும் எல்லாம் ஒன்றாகக் காய்ந்தன. அந்தப் பெண்கள் இரண்டு மைல் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். தோள் வீங்கி ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் பார்க்கப் போனபோது, "எங்க மேல தப்பா மேடம்? நாங்க சரியா நடலியா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். யார் மேல் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாசியில் பள்ளத்தில் தீப்பிடித்து அந்த ஆறு தாய்ப் புதர்களும் போயின.

2061 ஆனியில், மழை தொடங்கிய மூன்றாம் வாரம், அரசாங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது. "மேற்படி இனம் இனி இல்லை என்று சான்றளிக்கிறேன்." அதையும் கையால்தான் எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வக மேஜையில் உட்கார்ந்து "மேற்படி இனம்" வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. தன்ஷிக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"அதுல என்னங்க எழுதறீங்க?"

"மைப்பழம் செத்துப்போச்சுன்னு எழுதுறேன்."

"எழுதாதீங்க."

"எழுதாம இருந்தா உயிர் வந்துடுமாக்கா?"

அவள் முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நீங்க என்னைய வேலைய உட்டுத் தூக்குனாலும் செரி. குவார்ட்டர்ஸ் போனாலும் செரி. எந்திரிச்சு வாங்க."

சமையலறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் சரிவு அது. எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். சாண எரிவாயுத் தொட்டிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதற்குள்ளிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி எட்டிப் பார்த்தது. இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு, நரம்பு சிவப்பு. எனக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படிக்கா?"

"பொக்குங்க."

"பொக்கை எரிச்சீங்களே?"

"எரிக்கலீங்க. நீங்க எறிங்கன்னு சொன்னீங்க, எறிஞ்சனுங்க. ஆறு வாளியும் இங்கதான். எறித்ததுன்னு நோட்டுலயும் எழுதுனனே! நீங்கதான் செவப்பு மைல அடிச்சு, எரித்ததுன்னு மாத்திப் போட்டுட்டீங்க. அப்பத்தானுங்க எனக்கு விசியமே தெரிஞ்சுது, கொளுத்தச் சொல்லியிருக்கீங்கன்னு."

இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எரிங்க, எறிங்க. வாயால் சொன்னால் எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான். அவள் காதில் விழுந்ததைச் செய்தாள், செய்ததை எழுதினாள். எறிந்தது என்று எழுதியிருக்கலாம். படித்த மேடம் பார்க்கிற நோட்டு என்று கொஞ்சம் எழுத்துத் தமிழாக எழுதப்போய் எறித்தது என்றாகிவிட்டது. உண்மையாக எழுதப்பட்ட ஐந்து வரியைச் சரியான எழுத்துப் போட்டுப் பொய்யாக்கியது நான். அதில் என் கையொப்பம் வேறு.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லோணும்னுதான் நெனச்சனுங்க. அதுக்குள்ள நீங்க அந்தச் சுற்றறிக்கையப் படிச்சீங்க. எம்புள்ள அப்பத்தான் நர்சிங் சேர்ந்தா. பயந்துட்டனுங்க." மூக்கை உறிஞ்சினாள். "அதோட போயிருந்தாலும் பரவால்லீங்க. மறுவருசம் மழைக்கு இந்தச் சரிவுல ஒண்ணு மொளைச்சுது. நீங்க பாத்தாக் கண்டுபுடிச்சிருவீங்கன்னு புடுங்கிப் போட்டுட்டனுங்க. அடுத்த மாசம் இன்னொண்ணு. அந்த வருசம் நாலு, போன வருசம் அஞ்சு, இந்த மழைக்கு ரெண்டு. பதினொண்ணு மேடம். என் கையாலயே புடுங்குனனுங்க. மலைமேல எல்லாம் செத்துப்போச்சுன்னு அந்தப் புள்ளைங்க அழுவறப்பக்கூட சொல்லாம இருந்தனுங்க."

"இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"தொட்டிக்குப் பின்னால இருந்ததால போன வாரந்தான் கண்ணுல பட்டுது. புடுங்கலாம்னுதான் கைய உட்டனுங்க. இத்தனை உசரம் தானா வளர்ந்து நிக்குது, மனசு வரலீங்க."

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? அவள் பதினொன்றைப் பிடுங்கினாள். நான் முப்பத்தோராயிரத்தை ஒரே நாளில் உலுக்கி எழுப்பி வெயிலுக்குக் கொடுத்தேன். அவள் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சின்ன ர என்று ஆச்சரியக்குறி வேறு போட்டேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, ஓரத்துல பெருசாப் போட்டிருந்தீங்க" என்றாள்.

அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. இந்த வருடம் இரண்டு, போன வருடம் ஐந்து. ஒன்றாக முளைக்கவே இல்லை. வறட்சி வந்த வருடத்திலும் மண்ணுக்குள் மிச்சம் இருந்திருக்கிறது. பூட்டுகள் வேறு வேறு வருடத்தில் திறக்கும்படி தாய் பார்த்துப் பார்த்துப் போட்டவை. எந்த வருடம் நல்ல மழை என்று செடிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் அது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் வெளியே அனுப்புவதில்லை. மிதந்த விதைகள் பொக்கே இல்லை. தோலுக்குள் காற்று வைத்துக்கொண்டு இன்னும் ஆழமாகத் தூங்கியவை.

ஆனால் அவசர புத்தி என்னை விட்டு எங்கே போகும்? அன்றைக்கே அந்தத் தாளில் "ஒரு செடி உயிரோடு இருக்கிறது, மெஸ்ஸுக்குப் பின்னால்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஆத்விக்கே ஜீப்பில் வந்து இறங்கினான். பின் இருக்கையில் நாலு கேன் எழுப்பி.

ஆத்விக் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடியைப் பார்த்ததும் அவன் கண்ணும் கலங்கியது. மண்ணைக் கிள்ளி முகர்ந்தான். பிறகு சரிவை மேலும் கீழும் பார்த்தான். அவன் எப்போதும் கணக்கில் கெட்டி.

"அக்ஷரா, இது பொக்கு கொட்டின இடமா?"

நான் குனிந்து செடியடியில் சருகு பொறுக்கினேன். தன்ஷிக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"அப்படின்னா இந்த மண்ணுக்குள்ள இன்னும் ரெண்டாயிரம், மூவாயிரம் இருக்கும். இன்னைக்கே மருந்து ஊத்தினா அடுத்த வாரம் மொத்தமும் வந்துடும். இந்த வருஷம் மழை நல்லாத்தான் இருக்கு."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னோம். கொஞ்சம் தூங்கட்டும் ஆத்விக். வருஷத்துக்கு நாலு வந்தாப் போதும்."

"சரி, தூங்கட்டும்னு நானே விட்டுடறேன். ஆனா விதி விடாதே? உயிருள்ள விதைன்னு பதிவேட்டில் ஏறிட்டா தொண்ணூறு நாள். நீ எழுதின விதி. நான் எழுப்பலைன்னா வேற ஒருத்தன் வந்து எழுப்புவான்."

சொந்தக் கையால் வெட்டிய குழியில் நின்றேன். மண்ணுக்குள் மூவாயிரம் குழந்தைகள் தூங்குகின்றன, ஜீப்பில் நாலு கேன் காத்திருக்கிறது. பதிவேட்டில் இருக்கும் விதை தூங்கக் கூடாது என்பது சட்டம். பதிவேட்டில் இல்லாத விதை? அப்போதுதான் எனக்கு அந்த ஐந்து வரி ஞாபகம் வந்தது.

உள்ளே போய் 2058-இன் பதிவேட்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். "இங்கே விதை எதுவும் இல்லை. பொக்கையெல்லாம் அப்பவே எரிச்சாச்சு. கையெழுத்துச் சாட்சி இருக்கு. இந்தச் செடி குருவி எச்சத்துல வந்திருக்கும்."

"குருவிக்கு ஏது பழம்? ஒரு பழம் விடாமப் பறிச்சேன்னு அறிக்கை எழுதினவ நீ."

"பொய் எழுதினேன். ரெண்டு கொத்து விட்டேன்."

"நீ? விட்டே?" என்று சிரித்தான். பிறகு பக்கத்தைப் பார்த்தான். சிவப்பு ர-வின் கீழே அடிபட்டுக் கிடந்த நீல ற தெளிவாகவே தெரிந்தது. ஐந்து வரியையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தான். தலையை நிமிர்த்திச் சரிவைப் பார்த்தான், வாசலில் நின்ற தன்ஷிக்காவைப் பார்த்தான். அவள் கரண்டியோடு ஓர் எட்டுப் பின்னால் போனாள்.

"இந்தத் திருத்தம் உன்னோடதுதானே?"

"ஆமாம்."

"உங்க அப்பா எனக்கும் ஒரு வருஷம் தமிழ் எடுத்தார், தெரியுமில்ல?" என்றான். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தான். "சின்ன ர தான் சரி." பார்வையிட்டேன், விதை ஏதுமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டான். நாலு கேனும் இறங்காமலே திரும்பிப் போயின. போவதற்குமுன் தன்ஷிக்கா செய்த ரவை உப்புமாவை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சரிவில் மூன்று இடத்தில் புதிதாக வந்திருக்கின்றன. போன கார்த்திகையில் ஒன்றும் வரவில்லை. தோள் வீங்கிய பெண் இப்போது மாதம் ஒருமுறை வந்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறாள். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். எழுப்பி விதியை மாற்றச் சொல்லி நான் பதினான்கு கடிதம் எழுதியாகிவிட்டது. பதில் வரவில்லை. பரவாயில்லை, எனக்குக் காத்திருக்கப் பழகிவிட்டது.

இந்த ஆவணியில் தொட்டிக்குப் பின்னால் இருந்த செடி முதல்முறையாகப் பழுத்தது. மொத்தம் அறுபது பழம். கொண்டைக்குருவிகள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து முதல் நாளே இருபதைத் தின்றுவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். ஆளுக்கொரு பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டோம். கொஞ்சத்தைப் பறித்து மசித்துக் கரைத்தோம். அடியில் கொஞ்சம் தங்கியது, மேலே கொஞ்சம் மிதந்தது. தன்ஷிக்கா மிதந்ததை வாளியில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேடம், பொக்கை என்னங்க பண்றது?"

"எறிங்கக்கா."

வாளியோடு இரண்டு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். உதடெல்லாம் மை.

"எந்த றங்க?"

"பெரிய ற."

"அப்பச் செரி. நோட்டுல நீங்களே எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுச் சரிவுப் பக்கம் போனாள்.